நான் போயிருக்க வேண்டிய உப்புவெளி

அருண் கண்ணா,

நீ நெவார்க்கில் விமானம் ஏறிய அன்று நான் வழியனுப்ப வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னார். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று நீ பெட்டிகளைக் காரில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, நம் எடிசன் ஊர்க் குளிருக்கே அதிகமான அந்தத் தடித்த கோட்டு. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போக வேண்டியவள் நான்தானே என்று மனது அடித்துக்கொண்டது. பெற்ற பிள்ளைமேல் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பாய். படுகிறேன். அதை உள்ளே வைத்துக்கொண்டு உனக்கு ‘நேரத்துக்குச் சாப்பிடு, தொப்பி போட்டுக்கொள்’ என்று எழுதினால் அதில் உயிரே இருக்காது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். புத்திமதி நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்.

அந்த உப்புவெளியின் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது மலர் ஆன்ட்டி சொன்ன கதை. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அங்கே ஆரம்பிக்கவில்லை, இங்கே நியூஜெர்சியில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு ஆர்ஜென்டினா மலைமேல் ஒரு உப்புவெளியில் தோண்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. உப்புப் பாளத்துக்கு அடியில் உப்புநீர், அதில் கரைந்த லித்தியம். அதை மேலே இறைத்து, பெரிய குளங்களில் விட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்ற வைத்தால் மற்ற உப்புகள் ஒவ்வொன்றாக அடியில் படிந்துவிடும், லித்தியம் கடைசிவரை நீரிலேயே நிற்கும். கேட்க எளிது. எந்த உப்பு எப்போது படியும், எந்தக் குளத்தில் சுண்ணாம்பு போட வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். எங்களை என்றால் என்னையும் மலரையும். நான் சென்னையிலிருந்து உன்னையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்தவள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி, பெரியப்பா வீட்டுக்கு வந்து, இங்கேயே படித்தவள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மேஜையில் சாப்பிட்டோம்.

நீல டிரம்களில் உப்புநீர் கப்பலில் வந்து இறங்கும். தட்டுகளில் ஊற்றி, மேலே சூடு விளக்குகளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் மின்விசிறி வைத்தேன். மலைமேல் அடிக்கும் வெயிலையும் காற்றையும் நான் அந்த அறைக்குள் செய்துகொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டும். உள்ளே என் விளக்குகள் எரியும். முதல் முறை ஒரு தட்டின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்தபோது, இதன் நிஜத்தை நான் ஒரு நாள் பார்க்கத்தான் போகிறேன் என்று உறுதியாக நம்பினேன்.

தொண்ணூற்று இரண்டில் மலைமேல் சோதனைக் குளங்கள் வெட்ட முடிவானது. அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ரசாயனம் தெரிந்த ஒருவர் வேண்டும். மேலாளர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் ஓக் ட்ரீ ரோட்டில் உனக்கும் அப்பாவுக்கும் தோசை வாங்கிக் கொடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? எதற்கு என்று நீ கேட்டாய், சும்மாதான் என்றேன். மறு வாரம் கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். நம் கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இப்போது மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தால் எல்லாம் சிக்கலாகும், உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் கணவருக்கும் பையனுக்கும்தான் என்றார். மலருக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தது. அவள் போனாள். இதில் யார்மேல் கோபப்படுவது, சொல்? வக்கீல் சரியாகத்தான் சொன்னார். மேலாளர் வருத்தப்பட்டார். மலர் என் வீட்டுக்கே வந்து, “நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா நான் போகேல்ல” என்றாள். “போயிட்டு வா, எனக்கு என்ன?” என்றேன். எனக்கு என்ன என்பது அவள் விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கிருந்து பேசினாலும் பின்னால் காற்று கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீ டிவி முன்னால் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், ஃபோன் வந்தது. “என்னப்பா, கடைசிக் குளத்தில லித்தியம் குறைஞ்சுகொண்டே போகுது. அடி விரிப்பு கிழிஞ்சு குளம் ஒழுகுது எண்டு இவை சொல்லினம். எல்லாத்தையும் வத்த வச்சுப் பாக்கப் போகினமாம். எனக்கெண்டா நம்பேலாமல் கிடக்கு” என்றாள். குளத்தை வற்ற வைத்தால் ஒரு வருட உழைப்பு போகும். கம்பெனி பொறுமை இழந்து திட்டத்தையே மூடிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். என் தட்டுகளில் அப்படி எதுவும் குறையவில்லையே என்று யோசித்தேன். பிறகு கேட்டேன்: “மலர், ராத்திரி அங்க எவ்வளவு குளிரும்?”

“வாளியில வச்ச தண்ணி விடியக் கட்டியாக் கிடக்கும். ஏன்?”

பகலில் வெயில் செய்தேன், காற்று செய்தேன். ராத்திரி வெறுமனே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தின் ராத்திரியை நான் செய்யவே இல்லை. அங்கே ஒரு நாள் தூங்கி எழுந்தவளுக்கு இது தானாகத் தெரிந்திருக்கும். மறுநாளிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போது தட்டுகளைக் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டு வந்தேன், காலையில் மறுபடி விளக்கடியில் வைத்தேன். சில வாரத்தில் ஒரு காலை, தட்டின் அடியில் மாவு போல ஒரு புது உப்பு. எடுத்துச் சோதித்தேன். காணாமல் போன லித்தியம் அதில் இருந்தது. குளம் ஒழுகவில்லை. குளிரில் லித்தியம் மற்ற உப்புகளோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பை முதல் குளத்திலேயே போட்டால் அந்த மற்ற உப்புகள் முன்பே படிந்துவிடும், அந்தக் கூட்டு சேராது. மலரிடம் சொன்னேன். செய்தார்கள். திட்டம் பிழைத்தது.

அடுத்த முறை அவள் நியூஜெர்சி வந்தபோது, பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எழுந்து, இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, இவர்தான் என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் கொஞ்சம் அற்பத்தனமாக நடந்திருந்தால் என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அதைக்கூட அவள் எனக்குத் தரவில்லை. அவர்கள் கை தட்டும்போது நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து. அந்த முகம் எனக்கு வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினைந்து வயது, எங்களிடம் ஓகே, நோ, வாட்எவர் தவிர வேறு எதுவும் பேசாத காலம். சோறும் மீன் குழம்பும் கேட்டிருந்தாள், செய்திருந்தேன். லாரி டயர் உப்புப் பாளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியதையும், அவளும் டிரைவரும் வெள்ளை வெளியில் பகல் முழுக்க நடந்தே முகாமுக்குத் திரும்பியதையும் அவள் சொன்னாள். நீ கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தாய்.

“வேர் யூ ஸ்கேர்ட், ஆன்ட்டி?”

“பயம்தான். ஆனா என்ன வடிவு தெரியுமோ? நிலம் எது, வானம் எது எண்டு தெரியாது.”

நான் நடுவில் புகுந்தேன். “அந்த லாரில இருந்த சாம்பிள் எல்லாம் எங்கிட்டதாண்டா வந்துச்சு. நான்தான் டெஸ்ட் பண்ணேன்.”

“ஓகே அம்மா” என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணா. பாட்டிலில் வந்த தண்ணீரைச் சோதிப்பவளையும் உப்புவெளியில் நடந்து வந்தவளையும் ஒரே மேஜையில் வைத்தால் பதினைந்து வயதுப் பையன் யாரைப் பார்ப்பான்? நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் பிள்ளை இன்னொருத்தியை அப்படிப் பார்த்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். பாத்திரம் கழுவும்போது மலர் பக்கத்தில் வந்து நின்றாள். “நீங்கள் குடுத்து வச்சனீங்கள். வீடு, பிள்ளை, மனுசன். எனக்கு அங்க காத்துதான் துணை” என்றாள். “அப்ப மாத்திக்கலாமா?” என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உன் உடம்பு சம்பந்தப்பட்டது. கிரீன் கார்டு வந்து, நிலைமை சரியானதும், தொண்ணூற்று ஆறில் ஒரு முறை நான் அங்கே போனேன். எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது “நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னேன். மலையடியில் உள்ள சால்ட்டா நகரத்தில் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் ஏறினேன். மத்தியானம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மலர் என்னைக் குளக்கரைக்கு அழைத்துப் போனாள். ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு நிறம், முதல் குளம் வான நீலம், கடைசிக் குளம் எலுமிச்சைப் பழ மஞ்சள். நான் தட்டில் பார்த்த அதே வரிசை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. குனிந்து கடைசிக் குளத்து நீரைத் தொட்டேன். எண்ணெய் போல வழுக்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றியதாலா, சந்தோஷத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. “தலை இடிக்குதோ?” என்று கேட்டாள் மலர். இடிக்கவில்லை என்றேன். சொன்னால் கீழே அனுப்பிவிடுவாள் என்று தெரியும்.

விடிந்தபோது என்னால் மூச்சு விட முடியவில்லை. மலரே ஜீப்பை எடுத்தாள். பின் சீட்டில் என்னைப் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்து, பள்ளமும் மேடுமான அந்தப் பாதையில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டினாள். நித்திரையாகிடாதீங்கோ, நித்திரையாகிடாதீங்கோ என்று. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. சால்ட்டாவில் டாக்டர் ஸ்பானிஷில், இனி இவர் அந்த உயரத்துக்கு ஏறவே கூடாது என்று சொன்னார். அவள் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். என் உயிரைக் காப்பாற்றியவள்மேல் அந்த நிமிஷம் எனக்கு வந்தது நன்றி இல்லை. அவள் அன்று மத்தியானமே மேலே திரும்பப் போகிறாள் என்பதுதான் மனதில் இருந்தது. அதனால் சொல்கிறேன்: தலைவலி வந்தால் வாயைத் திறந்து சொல். யார் முன்னாலும் வீரம் காட்டாதே. உன் உடம்பில் பாதி என் உடம்பு. மலர் உனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாள், இதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள், என் மானத்தைக் காப்பாற்ற.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆர்ஜென்டினா எல்லையைத் தாண்டி, பக்கத்து நாட்டு உப்புவெளி ஒன்றிலிருந்து லித்தியம் மலிவாக வர ஆரம்பித்தது. விலை விழுந்தது. எங்கள் சோதனைக் கூடத்தை மூடினார்கள், என் விளக்குகளையும் தட்டுகளையும் குப்பை லாரியில் ஏற்றினார்கள். நான் ஷாம்பு செய்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். மலைமேல் சின்ன அளவில் வேலை நடந்தது, மலர் விடாப்பிடியாக அங்கேயே இருந்தாள். நீ டெக்ஸஸில் நிலத்தடி நீர் படிக்கப் போனாய். எதற்கு அந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம் நான் “அம்மா மாதிரி சயின்ஸ்” என்று சொல்லிக்கொண்டேன். யார் மாதிரி என்று எனக்குத் தெரியும்.

போன டிசம்பரில் மலரிடமிருந்து ஃபோன். “உங்கட பெடியனை எடுத்திட்டம். நல்லா இன்டர்வியூ செய்தவன்” என்றாள். நீ விடுமுறைக்கு வந்து, மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். “ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“ஐ வாஸ் கோயிங் டு, அம்மா.”

“எப்ப? ஏர்போர்ட்லயா?”

“பிகாஸ் யூ மேக் தட் ஃபேஸ்.”

“எந்த மூஞ்சி?”

“தட் ஒன். எப்ப மலர் ஆன்ட்டி பேர் சொன்னாலும்.” அப்பா சிரிப்பை அடக்க ரசத்தைக் குடித்தார். நீ விடவில்லை. “ஷீ பில்ட் தட் ப்ளேஸ், அம்மா. ஐ வான்ட் டு லேர்ன் ஃப்ரம் ஹர்.”

அவள் கட்டினாள் என்றாய். நானும்தான் என்ற சொல் தொண்டைவரை வந்தது. எழுந்துபோய் அப்பளம் பொரித்தேன். பொரித்த அப்பளத்தை யாரும் தொடவில்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. வாராவாரம் பேசுகிறாய். பேச்சுக்கு நடுவே காற்று கேட்கிறது, நீ சொல்வதைவிட அதைத்தான் கூர்ந்து கேட்கிறேன். அங்கே ஆடும், லாமா என்கிற மலை ஒட்டகமும் மேய்க்கிற ஊர்க்காரர்கள் நீ அளந்து பார்க்கிற உப்புநீர்க் கிணறுகளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாய், தங்கள் ஊற்று வற்றிவிடுமா என்று. நீ ஏதோ நம்பிக்கையாகச் சொல்லி அனுப்பினாயாம். அப்படிச் செய்யாதே. தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், அளந்து பார்த்துவிட்டு மறுபடி அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல். நீ ஒரு நாள் திரும்பி வந்துவிடுவாய், அவர்கள் எங்கும் போகப் போவதில்லை.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை மலர் கூப்பிட்டாள். உன்னைப் பற்றி ஏதாவது என்று பதறிவிட்டேன். இல்லை, வேலை விஷயம். செல்ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் லித்தியம் பேட்டரி வருகிறதே, அந்தக் கம்பெனிகள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்களாம், இன்னும் சுத்தமாக வேண்டுமாம். சால்ட்டாவில் இருக்கிற சோதனைக் கூடத்தை நடத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

“மேல இருந்து வாற சாம்பிளை நம்பிக்கையாப் பாக்க ஒரு ஆள் வேணும். உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?” என்றாள்.

“தெரியும்.”

“ஆர்?”

“நான்தான்.”

மலர் மெதுவாக, “கீழதான் இருக்க வேணும். மேல வரேலாது” என்றாள்.

“தெரியும் மலர். டாக்டர் சொன்னதை நீதானே எனக்குச் சொன்ன.”

“இவ்வளவு நாளும் உங்களைக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது” என்றாள். உடனே எத்தனை தராசு இருக்கிறது, குளிர் அறை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் மன்ஹாட்டன் டிரெயினிலிருந்து இறங்கி வந்து டையைக்கூடக் கழற்றவில்லை. “எவ்வளவு நாள்?” என்றார். முதலில் ஒரு வருஷம் என்றேன். சோபாவில் உட்கார்ந்தார். “எனக்காகவும் பையனுக்காகவும்தான நீ அப்ப போகல. அதை நான் ஒரு தடவைகூட உங்கிட்ட கேட்டதில்ல” என்றார். “இப்ப எதுக்குங்க அது?” என்றேன். “போயிட்டு வா. ஆனா அவன்கிட்ட நீயே சொல்லு. அவனுக்கு இது பிடிக்காம போகலாம்” என்றார்.

உனக்குப் பிடிக்காமல் போகலாம் என்பது எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் அம்மாவை விட்டு இவ்வளவு தூரம் போய், முதல் வேலையில் காலூன்றும்போது அம்மாவே பின்னால் வந்து நிற்பதை யார் விரும்புவார்கள்? ஆனால் நான் உன் பின்னால் வரவில்லை. உனக்குச் சமைத்துப் போட வரவில்லை, உன் சட்டையைத் துவைக்க வரவில்லை. எனக்காக வருகிறேன். அந்த வெள்ளை வெளி உனக்கும் மலருக்கும் மட்டும் சொந்தமாகிவிடுமோ என்று தாங்காமல் வருகிறேன். வந்தாலும் இந்தப் பொறாமை தீருமா என்றால், தீராது. நீங்கள் இரண்டு பேரும் மேலே இருப்பீர்கள், நான் கீழே இருப்பேன். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து நீ லீவுக்குக் கீழே இறங்கி வரும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும். பக்கத்தில் இருந்து எரிவது எனக்கு மேல்.

ஜூனில் வருகிறேன். அங்கே குளிர்காலமாம், கோட்டு வாங்கிவிட்டேன். அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று. கிணற்றிலிருந்து எடுக்கிற மாதிரியைப் பாட்டிலில் அரைகுறையாக நிரப்பாதே, கழுத்துவரை நிரப்பு. மூடுவதற்கு முன் வாய்ப்பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடு. மூடியில் உப்புப் பூத்து, தேதி எழுதாமல் ஒரு பாட்டில் வந்தாலும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே லாரியில் திருப்பி அனுப்பி, மறுபடி எடுத்துவரச் சொல்வேன். மகன் என்று பார்க்க மாட்டேன்.

அம்மா